நம்பர் ஒன் பேராண்டிக்கு

ஏண்டா பேராண்டி, உன் ரூமுல தங்கியிருக்குற குஜராத்துப் பையனோட ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் மல்லுக்கு நின்னியாமே? "எங்க மாநிலம் 11.19 சதவீதம் வளந்துச்சு, உன்னுது எவ்ளோ?"ன்னு கேட்டியாமே? உங்கம்மா சொல்லிச் சொல்லி சிரிக்கிறா. சண்டை போட்டது தப்பில்ல. ஜெயிச்சியா, அதச் சொல்லு மொதல்ல. ஜெயிச்சதுக்கு கம்பெனியில எதாவது போட்டுக் குடுத்தாங்களா? அந்தக் கான்ட்ராக்டு ஆளு உன்ன பர்மனெண்டு பண்றேன்னானா? சும்மா கேட்டேன். கோவிச்சுக்காத.

நான் மூணாங்கிளாசோட நின்ன கெழவன். குள்ளஞ்சாவடி பக்கம் கொல்லையில மல்லாட்டையும் முந்திரியும் பாத்துட்டு, முடியாத காலத்துல கடலூரு முதுநகர்ல உங்கம்மா வீட்டுத் திண்ணையில ஒக்காந்திருக்கேன். மீன் ஏலம் முடிஞ்சு வர்றவங்க வுட்டுட்டுப் போற பேப்பர ஒரு எழுத்து வுடாம படிப்பேன். உனக்குப் போன்ல வர்ற கணக்குதான் எனக்குப் பேப்பர்ல வருது. நீ தலைப்பப் பாத்ததும் நாலு பேருக்கு அனுப்பிடுற. எனக்கு வேற வேலை இல்ல, அதனால கடைசி வரி வரைக்கும் படிக்கிறேன்.

அந்த 11.19 இருக்குதே, 2024-25க்கு மொதல்ல அது 9.69ன்னுதான் வந்துச்சு, 2025 ஏப்ரல் மாசம். அதுக்கே மேடை போட்டு மால போட்டாங்க. ஆகஸ்டுல திரும்பக் கூட்டிப் பாத்து 11.19ன்னாங்க. மறுபடியும் மால. நாலு மாசத்துல ஒன்னரை சதவீதம் கணக்குப்புள்ளை பேனாவுலயே வளந்துடுச்சு பாத்தியா! பொய்க்கணக்குன்னு சொல்ல வரலடா. விவரம் சேரச் சேர திருத்துறது வழக்கந்தான். ஏத்துறவங்க ஒருநாள் எறக்கவும் எறக்குவாங்க. அதுக்குள்ள நீ புள்ளிக்கு அப்பால ரெண்டு தானத்த வச்சிக்கிட்டு தூக்கத்தக் கெடுத்துக்குற.

நம்ம மாநிலத்துக்கு மவுசு இல்லன்னா சொல்றேன்? இருக்குது. 2023-24ல ஒரு ஆளு சராசரி வருமானம் நாட்டு சராசரி 100ன்னா நம்மளுது 171. நாட்டுல இருக்குற பாக்டரிங்கள்ல நூத்துக்குப் பதினஞ்சுக்குக் கொறையாம இங்கதான் இருக்குது, அதுல வேலை பாக்குற ஆளு எண்ணிக்கையிலயும் நாமதான் முன்னால. உன் குஜராத்துக்காரன் ஊர்ல பாக்டரியில போட்ட பணம் நம்மள விட அதிகம். ஒரு எண்ணெய் ஆலை கட்டுற காசுல எத்தினி பனியன் கம்பெனி கட்டலாம், அதுல எத்தினி பேரு நிக்கலாம்னு யோசிச்சுப் பாரு, அவன் பணத்துல மொதல்ல, நீ ஆளுல மொதல்ல வந்த சூட்சுமம் புரியும். 2019-20 கணக்குல, நாட்டுல பாக்டரிக்குப் போற பொம்பளைங்க நூறு பேருல 43 பேரு தமிழ்நாட்டுல. இந்த ஒன்னை மட்டும் அந்தப் பையன்கிட்ட சொல்லியிருந்தீன்னா பத்து மணிக்கே தூங்கியிருக்கலாம். நீதான் அதச் சொல்லவே இல்லையாமே. பொம்பளைங்க கணக்கு உனக்குப் பெருமையில வரல போலருக்கு.

பெருமைக்கு ஆயுசு கம்மிடா. பிரதமரோட பொருளாதார ஆலோசனைக் குழுவுக்காக 2024ல ஒரு கணக்கு எழுதுனாங்க, 1960-61லேருந்து மாநிலங்க எப்படி ஏறி எறங்குச்சுன்னு. அன்னிக்கு வங்காளத்துல ஒரு ஆளு வருமானம் நாட்டு சராசரிய விட நூத்துக்கு 27 கூட. 2023-24ல, நாட்டு சராசரி 100ன்னா அவங்களுது 83க்கு வந்துடுச்சு. கல்கத்தாவுக்குப் போனா பொழச்சுக்கலாம்னு நாடே பேசுன காலம் அது. இன்னிக்கு நம்ம பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஓட்டல்ல தோசை வாக்குற புள்ள வங்காளத்துக்காரன். நம்ம கதைய கேளு. நாட்டு உற்பத்தியில நம்ம பங்கு 1960-61ல நூத்துக்கு 8.7. முப்பது வருசம் எறங்கி 7.1. அப்புறம் முப்பத்து மூணு வருசம் ஏறி 8.9. ஆக மொத்தம், அறுவது வருசத்துக்கும் மேல ஓடி, பொறப்பட்ட எடத்துலேருந்து ஒரு எட்டு தாண்டி நிக்கிறோம். இதுக்கு நடுவுல எத்தினி பேரு எத்தினி மேடையில நான்தான் ஓடுனேன்னான்!

சரி, பொருளாதார ஆரோக்கியம்னு ஒன்னு சொன்னியாமே. நிதி ஆயோக்கு 2025 ஜனவரியில நாடி புடிச்சுப் பாத்து பதினெட்டு பெரிய மாநிலத்த வரிசை கட்டுச்சு. கடன், வரவு, செலவெல்லாம் பாத்து எந்தக் கஜானா திடகாத்திரமா இருக்குன்னு சொல்றது அது. மொதல் எடம் யாருன்ற? ஒடிசா. நாம பதினொன்னு. பஞ்சாப்பு கடைசி. ஒடிசாவுல இரும்பும் நெலக்கரியும் கெடக்குது, தோண்டத் தோண்டக் கஜானாவுக்கு வருது, செலவும் கையப் புடிச்சிக்கிட்டு பண்றாங்க. சந்தோசம். அப்புறம் ஏண்டா புவனேசுவரத்துலேருந்து புதுச்சேரிக்கு வர்ற ரயிலுல நிக்க எடமில்லாம புள்ளைங்க வந்து எறங்குதுங்க? நம்ம தெருக்கோடியில மாடி கட்டுற எடத்துல கலவை போடுற புள்ளைய போயிக் கேளு: "ஏம்பா, உங்க ஊரு கஜானா நாட்டுலயே நம்பர் ஒன்னாமே"ன்னு. தமிழு தெரியாது, சிரிப்பான். தெரிஞ்சாலும் சிரிப்பான்.

இப்ப வேலைக்கு வா. இதுலதான் பெரிய கூத்து இருக்குது.

2023 ஜூலையிலேருந்து 2024 ஜூன் வரைக்கும் சர்க்கார் எடுத்த கணக்கு. பதினஞ்சுலேருந்து இருவத்தொம்பது வயசுக்குள்ள வேலை பாக்குற, வேலை தேடுற ஆளுங்கள்ல, தேடிக் கெடைக்காம கெடக்குறவங்க கேரளாவுல நூத்துக்கு 29.9. மத்தியப் பிரதேசத்துல 2.6. இத மட்டும் படிச்சா நீ என்ன பண்ணுவ? பொட்டிய கட்டிக்கிட்டு போபாலுக்கு ரயிலேறுவ. ஏறு, வேணாம்ல. அதுக்கு முன்னால ரிசர்வ் வங்கி போட்ட கூலிக் கணக்கையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போ. 2022-23ல கிராமத்துக் கட்டட வேலைக்கு ஆம்பளக் கூலி கேரளாவுல நாளைக்கு 852 ரூபா. நம்ம ஊர்ல 500 சொச்சம். மத்தியப் பிரதேசத்துல 278. வேலையில்லாதவன் குமிஞ்சு கெடக்குற ஊர்ல கூலி ஒசத்தி. வேலையில்லாதவனே இல்லாத ஊர்ல கூலி அடிமட்டம்.

தலை சுத்துதா? சுத்தும். கேரளாவுல புள்ள படிச்சிருக்குறான். அப்பனோ மாமனோ துபாய்லேருந்து பணம் அனுப்புறாங்க. கண்ட வேலைக்குப் போவாம, நல்ல வேலை வர்ற வரைக்கும் காத்திருக்க அவனால முடியுது. கணக்கெடுக்க வந்தவரு கேட்டா, "தேடிக்கிட்டு இருக்கேன்"ங்குறான். போச்சு, வேலையில்லாதவன் பட்டியல்ல சேந்துட்டான். மத்தியப் பிரதேசத்துல அந்த வயசுப் புள்ளைக்கு ஒரு நாள் சும்மா இருந்தா அடுத்த நாள் ஒல பொங்காது. கெடச்ச வேலைக்குப் போறான். அவன் வேலையில இருக்குறவன். வேலையில்லாம இருக்குறதுக்கும் கொஞ்சம் வசதி வேணும்டா பேராண்டி. அது கணக்குல வராது.

யார வேலையில இருக்குறதா எழுதுவாங்கன்னு தெரியுமா? இருக்குற கணக்கு மொறைங்கள்ல ஒன்னு, போன ஏழு நாள்ல ஒரு நாள், ஒரு மணி நேரம் வேலை பாத்திருந்தா போதும்ங்குது. இன்னொன்னும் உண்டு: சொந்த வூட்டுத் தொழில்ல சம்பளம் வாங்காம ஒத்தாசை பண்ணாலும் வேலையில இருக்குறவங்கதான். உங்க பாட்டி இருந்தப்ப நம்ம கொல்லை முந்திரிக்கொட்டைய வறுத்துக் குமிச்சுட்டு, முழங்காலுக்குக் கீழ கல்ல வச்சு, கையில சாம்பலத் தொட்டுக்கிட்டு, கட்டையால ஒரே தட்டு தட்டுவா. பருப்பு முழுசா வரணும், ஒடைஞ்சா வெலை எறங்கிடும். சாம்பலயும் மீறி அந்த எண்ணெ பட்டு, வெரலு நுனியெல்லாம் கருத்துத் தோலு உரிஞ்சு கெடக்கும். பண்ருட்டி பக்கம் இன்னிக்கும் அந்தக் கைங்கள பாக்கலாம். ஆப்பிரிக்காவுலேருந்து கப்பல்ல வர்ற கொட்டையக் கூட ஒடைக்கிறாங்க. உங்க பாட்டி கடைசி வரைக்கும் பத்து பைசா கூலின்னு என்கிட்ட வாங்குனதில்ல. கணக்குப்படி அவளும் வேலை வாய்ப்புதான். அவள வச்சு நான் மாநாடு போட்டிருக்கணும், தோணாமப் போச்சு.

அதே 2023-24 கணக்குல, இந்த நாட்டுல வேலையில இருக்குறவங்கள்ல நூத்துக்கு 58 பேர சுயதொழில்னு எழுதியிருக்குறாங்க. அதுல கப்பல் முதலாளியும் உண்டு, சில்வர் பீச்சுல சுண்டல் விக்கிறவனும் உண்டு. ஒரே கட்டம்.

அடுத்தது உற்பத்தி. மாநில உற்பத்தின்னா எல்லைக்குள்ள என்ன உண்டாச்சோ அதான். யாரு கைக்குப் போச்சுங்குறது வேற கேள்வி, அத அந்தக் கணக்கு கேக்காது. நெய்வேலிய எடுத்துக்க. ஜம்புலிங்க முதலியாரு நெலத்துல தண்ணி தேடப் போயி கறுப்பா என்னமோ வந்துச்சு, 1956ல கம்பெனி ஆச்சு. அங்க எரியிற பழுப்பு நெலக்கரியில கர்நாடகா, கேரளா, ஆந்திரா, புதுச்சேரின்னு தெக்கத்தி முழுக்க வெளக்கெரியுது. மின்சாரத்தோட மதிப்பு அத்தினியும் கடலூரு மாவட்டத்து உற்பத்தி. நம்ம மாவட்டம் பேப்பர்ல கொழுத்துப் போச்சு. நெலம் குடுத்த குடும்பத்துப் பேரன் கான்ட்ராக்டு சீட்டு கையில வச்சிக்கிட்டு மந்தாரக்குப்பத்துல நிக்கிறது எந்தக் கலத்துல வருது? 2023 ஜூலையில அந்தக் கம்பெனி வேலைக்காக வளையமாதேவி பக்கம் பச்ச நெல்லு மேல பொக்லைன் எறங்குச்சே, கோர்ட்டே மனசு கலங்கிப் பேசுச்சே, அதுக்கும் ஒரு கணக்கு இருக்குது. நெல்லு போனா ஒரு வரி கழியும். பொக்லைன் வாடகையும் டீசலும் டிரைவர் படியும் இன்னொரு வரியில கூடும். மொத்தத்துல வளர்ச்சி!

இந்தப் பக்கம் பரங்கிப்பேட்டைக்கு வா. சிங்கப்பூரு, மலேசியா, வளைகுடான்னு போன புள்ளைங்க அனுப்புன காசுல தெருத்தெருவா வூடு நிக்குது. அந்தக் காசு வெளிநாட்டு உழைப்பு, அதனால நம்ம மாநில உற்பத்தியில சேராது. ஆனா அந்த வூட்டுக்கு டைல்ஸ் ஒட்ட ஒடிசாக்காரன் வந்தான் பாரு, அவன் உழைப்பு நம்ம உற்பத்தி. அவன் வாங்குன கூலி ஞாயித்துக்கெழமயே போன் வழியா அவன் ஊருக்குப் பறந்துடுச்சு. சாப்புடுற எடம் ஒன்னு, கணக்கெழுதுற எடம் ஒன்னு. எங்க தில்லைக்காரங்க திரைய விலக்கி ஆகாசத்தக் காட்டுவாங்க, அது ரகசியம். கணக்கெழுதுறவங்க எல்லாத்தையும் தொறந்துதான் வச்சிருக்காங்க, அப்பவும் வெளங்க மாட்டேங்குது.

மாநிலத்துக்கு மாநிலம் ஒப்பிடணும்னு ஆசைன்னா உனக்கு குஜராத்து என்னாத்துக்கு? ஆல்பேட்டை செக்போஸ்ட்டத் தாண்டுனா அடுத்த ஆட்சி. கன்னியக்கோயில் பக்கம் ஒரு வயலு நம்மளுது, அடுத்த வயலு புதுச்சேரியோடது. கொக்குக்கு மட்டும் தெரியாது, ரெண்டுலயும் எறங்குது. நம்ம ஆளுங்க அங்க எதுக்குப் போறாங்கன்னு நான் சொல்லணுமா? திரும்பி வரும்போது போலீசு பையத் தொறந்து பாக்குதே, அதே சாட்சி. ஒரு காலத்துல அங்க விற்பனை வரி சலுகைன்னு அறிவிச்சான். கம்பெனிங்க வந்து எறங்குச்சு, நம்ம ஊரு புள்ளைங்க சைக்கிள்ளயும் பஸ்ஸுலயும் போயி வேலை பாத்துச்சுங்க. 2017 ஜூலையில நாடு முழுக்க ஒரே ஜி.எஸ்.டி.ன்னு ஆனதும் அந்த வசியம் போச்சு. வரிக்காக வந்தவன் வரிக்காகப் போவான், அவன நம்பி பொண்ணு குடுக்காத. ரோடியர் மில்லு கதை இன்னும் பழசு. வெள்ளக்காரன் காலத்துல 1898ல ஆரம்பிச்சது, அப்புறம் ஏ.எஃப்.டி.ன்னு ஆச்சு. சங்கு ஊதுனா ஊரே நேரம் பாக்கும். 2011 தானே புயல்ல அடி வாங்கி, இழுத்துக்கிட்டே கெடந்து, 2020 ஏப்ரல் 30ஆந்தேதியோட மூடிட்டாங்க. மில்லு மூடுனாலும் அந்த ஊரு சராசரி வருமானம் நாட்டு சராசரிக்கு மேலதான் நிக்குது. மில்லுல இருந்தவங்கள சராசரியில தேடாத, ஆம்புட மாட்டாங்க.

அந்தத் தானே புயல் நம்ம பக்கமும் ஒரு வேலை பண்ணுச்சு. டிசம்பர் 30ல கரை ஏறுனப்ப, முதுநகருக்குத் தெக்கால கட்டிக்கிட்டிருந்த நாகார்ஜுனா எண்ணெய் ஆலைய ஒரு கை பாத்துட்டுப் போச்சு. அத்தோட நின்னது நின்னதுதான், கம்பெனியே திவால்ல போயி கை மாறுச்சு. அது வருதுன்னு கேள்விப்பட்டு நெலம் வாங்கிப் போட்டவங்க, லாட்ஜு கட்டுனவங்க, ஐ.டி.ஐ.யில பிட்டரு படிச்ச புள்ளைங்க... அத வுடு. முதலீட்டு ஒப்பந்தம் போட்டோம்னு சொல்றாங்களே, அதக் கேக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆலை ஞாபகந்தான் வருது. 2024 ஜனவரியில சென்னையில 6.64 லட்சம் கோடிக்கு ஒப்பந்தம், 26.9 லட்சம் பேருக்கு வேலைன்னாங்க. அதே மாசம் குஜராத்துல 26 லட்சம் கோடி. அதுக்கு மொத வருசம் உத்தரப் பிரதேசத்துல 33.5 லட்சம் கோடி, அந்த மாநிலம் ஒரு வருசம் முழுக்க உண்டாக்குறத விட ஜாஸ்தி. நிச்சயதார்த்தத்துக்கு எல்லா மாநிலத்துலயும் கூட்டம் அள்ளுது. தாலி கட்டுன கணக்க தனியா கேளு.

வேலையை எண்ணிக்கையில மட்டும் பாத்தா என்னாவும்ங்குறதுக்கு சிதம்பரத்துலயே பாடம் இருக்குது. அண்ணாமலைச் செட்டியாரு 1929ல ஆரம்பிச்ச பல்கலைக்கழகம், எவ்ளோ பெரிய பேரு! அந்த ஊரு ஓட்டலு, சைக்கிள் கடை, ஜெராக்ஸ் கடை, வாடகை வூடு அத்தினியும் அத நம்பித்தான். ஆனா ஆளு சேத்துச் சேத்து, தேவைக்கு மேல ஆயிரக்கணக்குல ஆயி, சம்பளம் போட முடியாம தடுமாறி, 2013ல சர்க்காரே சட்டம் போட்டு எடுத்துக்குச்சு. அப்புறம் மிச்சம் இருந்தவங்கள தமிழ்நாடு முழுக்க கலெக்டர் ஆபீசு, காலேஜுன்னு அனுப்புனாங்க. இருந்த நாற்காலிய வுட ஒக்காந்திருந்தவங்க அதிகம். வேலை வாய்ப்புக் கணக்குல அதுவும் ஒரு காலத்துல மாவட்டத்துக்கே பொன்னெழுத்துதான்.

மேற்கத்தி ஊருங்களும் சென்னையச் சுத்துன ஊருங்களும் ஏறுது, அது நெசம். ஸ்ரீபெரும்புதூரு, ஒரகடம், ஓசூருன்னு பேரு வருது. அதுல கடலூரு எங்கடா? சிப்காட்டு இருக்குது, வருசக்கணக்கா அந்தக் காத்தக் குடிக்கிற குடிகாடு, ஈச்சங்காடு ஜனங்கள கேட்டா வளர்ச்சிய மூக்கால சொல்லுவாங்க. குறிஞ்சிப்பாடியில கைலி நெசவு இருக்குது. தறியில ஒக்காந்திருக்குறவங்க எல்லாம் என் வயசு. ஞாயித்துக்கெழம ராத்திரி சிதம்பரத்துலேருந்து சென்னைக்குப் போற எந்த பஸ்ஸுல வேணா ஏறிப் பாரு. படிக்கட்டு வரைக்கும் நம்ம புள்ளைங்க, முதுகுல ஒரு பை, பைக்குள்ள அம்மா கட்டிக் குடுத்த புளிசாதம். ஒடிசாக்காரன் நம்ம ஊருக்கு வர்றான்னு மாரு தட்டுற. நம்ம ஊரான் எங்க போறான்னு யாராவது தட்டுறாங்களா? 2023 மார்ச்சுல பீகாரு புள்ளைங்கள இங்க அடிக்கிறாங்கன்னு பொய் வீடியோவ பரப்பி வுட்டப்ப, அவங்க ரயிலேறிப் போயிட்டாங்கன்னா நம்ம ஓட்டலும் மில்லும் என்னாவும்னு முதலாளிங்க பட்ட பாட்ட பேப்பர்ல படிச்சேன். யாரால யாரு பொழைக்கிறதுங்குற கணக்கு அந்த ஒரு வாரத்துல எல்லாருக்கும் புரிஞ்சுது. அப்புறம் மறந்துட்டாங்க.

உனக்கு ஒரு யோசனை சொல்றேன், கேட்டா கேளு, கேக்காட்டி போ. இனிமே எவனாவது மாநிலத்தக் காட்டி சதவீதம் பேசுனா, ஒடனே பாயாத. நிதானமா, "கூலி என்ன?"ன்னு கேளு. "வேலைன்னு யார எழுதுன?"ன்னு கேளு. அப்புறம், ஓட்டுக்கு வர்றவங்க எந்தக் கட்சியா இருந்தாலும், எங்க மாநிலம் நம்பர் ஒன்னுன்னு மைக்குல சொன்னா, கையெடுத்துக் கும்புட்டு, "ரொம்ப சந்தோசங்க, முப்பத்தெட்டு மாவட்டத்துல கடலூரு எத்தினியாவது? இங்க படிச்சு முடிச்ச புள்ளைங்கள்ல எத்தினி பேருக்கு இந்த மாவட்டத்துலயே பி.எஃப். புடிக்கிற மாசச் சம்பளம்?"னு கேளு. பதிலு வாயால சொன்னா ஏத்துக்காத. எழுதி, தேதி போட்டு, கையெழுத்து வாங்கிக்க.